சிரிக்காமல் சொல்ல வேண்டும்

ஞானசிகாமணி அண்ணனின் முகத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே மேட்டிலிருந்து மெஷின் கன் சுட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மண் தெறிக்கிறது. மனிதர் நிதானமாக நாடாவை அவிழ்க்கிறார். முடிச்சு இறுகிவிட்டது போலிருக்கிறது, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பல்லால் கடித்து இழுத்தார்.

பார்த்தீர்களா, சிரித்துவிட்டீர்கள்.

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. இந்த இடத்தில் எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். அதுதான் இப்போது எனக்கு வந்திருக்கிற சிக்கல். இந்த பஸ் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் இந்தக் கதையை யாருக்கும் சிரிப்பு வராமல் சொல்லப் பழகியாக வேண்டும். மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். விருதுநகரில் நீங்கள் ஏறி, என் மீசையைப் பார்த்துவிட்டு, "பெரியவர் பட்டாளமா?" என்று கேட்டீர்கள். கேட்டவர் மாட்டிக்கொண்டீர்கள். வள்ளியூரில்தானே இறங்க வேண்டும்? நேரம் இருக்கிறது. நான் எங்காவது கோமாளித்தனம் செய்தால் தொடையில் தட்டுங்கள். இடது தொடை வேண்டாம், வலது.

விஷயம் இதுதான். போன மாதம் ஹெலன் போன் செய்தாள். ஞானசிகாமணி அண்ணனின் ஒரே மகள். அப்பா சாகும்போது கைக்குழந்தை, இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான். என்னைச் சித்தப்பா என்பாள். நான் கம்பம் பக்கம், அவர்கள் நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம். நான் கருப்பசாமியைக் கும்பிடுகிறவன், அவர்கள் வேதக்காரர்கள். ஆனாலும் அவள் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனை அவள் வேறு என்னவென்று கூப்பிடுவாள்?

அவர்கள் ஊர் சர்ச் வளாகத்தில் ஒரு கல் வைக்கிறார்கள். அந்தச் சபையிலிருந்து பட்டாளத்துக்குப் போய்ச் சண்டையில் செத்தவர்கள் பெயரையெல்லாம் அதில் வெட்ட ஏற்பாடு. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் பெயர் வந்ததும் கமிட்டியில் ஒருவர் எழுந்தாராம். ரிட்டையர்டு வாத்தியார்.

"செத்துக் கெடந்த ஆளு காலுல பூட்ஸ் கெடையாது. குண்டு பட்டது முதுகுல. எதுத்து நின்னவனுக்கு முதுகுல எப்படிவே குண்டு படும்?"

கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. அன்றிலிருந்து மதினி, அதாவது அண்ணன் சம்சாரம், சர்ச்சுக்குப் போவதில்லையாம். எழுபதைத் தாண்டினவர். புருஷன் செத்த வாரம்கூட ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தவர். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வந்து கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுகிறாராம்.

"நீங்க வந்து கமிட்டி முன்னால நடந்ததச் சொல்லணும் சித்தப்பா. கூட இருந்ததுல நீங்க ஒருத்தருதான் இருக்கிய" என்றாள் ஹெலன். நான் வருகிறேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பிறகு, "சிரிக்காம சொல்லணும்" என்றாள்.

நான் எங்கே தம்பி சிரிக்கிறேன்? கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

அந்த வாத்தியார் சொன்னது இரண்டும் உண்மை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலில் பூட்ஸ் இல்லை. குண்டு முதுகில்தான் பட்டது. ஆனால் ஓடவில்லை. இதைத்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க இருக்கிற ஒரே சாட்சி எருமைக்குப் பின்னால் படுத்துக் கிடந்த ஒருவன்.

சரி, சரி. தட்டுங்கள். எருமை அப்புறம்தான் வரும்.

எழுபத்தொன்று டிசம்பர், மேற்கு எல்லை. எங்கள் கம்பெனிக்குக் கொடுத்த வேலை, ஒரு கால்வாயைத் தாண்டி மேட்டில் இருக்கிற ஒரு ஊரைப் பிடிப்பது. ஊர்ப் பெயர் இப்போது வாயில் வரவில்லை, அப்போதும் வரவில்லை. சனங்கள் எல்லாம் முன்னமே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கால்வாய்க்கும் எங்களுக்கும் நடுவில் கோதுமை வயல். சாணுயரத்துக்கு முளைத்து, பனியில் நனைந்து, பச்சென்று நின்றது. விடியற்காலையில், பனிமூட்டம் கலையுமுன் வயலைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவு.

பட்டாளத்தில் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாக்குதல் என்றால் விரிந்த வரிசை. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, ஒரே வீச்சாக, குறுக்கே வயலில் இறங்கிப் போக வேண்டும். வரப்பில் போகவே கூடாது. வரப்பு நேர்கோடு. மெஷின் கன்காரனுக்கு நேர்கோட்டில் ஆள் கிடைத்தால் கல்யாணச் சாப்பாடு. எல்லோருக்கும் தெரியும். பரீட்சை வைத்தால் எல்லோரும் எழுதிவிடுவோம்.

ஆனால் எங்கள் கம்பெனியில் யார் இருந்தோம்? கம்பம் பள்ளத்தாக்கு, நாஞ்சில் நாடு, கும்பகோணத்துப் பக்கம். பூராவும் வயக்காட்டுப் பிள்ளைகள். விரிந்த வரிசையாகத்தான் கிளம்பினோம். இருட்டும் பனியும். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் இரண்டு வரப்பிலும் நெல் அறுப்புக்குப் போகிற கூலியாட்கள் மாதிரி ஒருவன் பின்னால் ஒருவனாக நடந்துகொண்டிருக்கிறோம். யாரும் சொல்லவில்லை. முளைத்து நிற்கிற பயிரைக் கண்டதும் கால் தானாக வரப்புக்கு ஏறிவிட்டது.

எங்கள் சுபேதார் வர்க்கி கேரளத்துப் பாலாக்காரர். ரப்பர் தோட்டம். அவருக்குப் பயிரை மிதிப்பதில் கூச்சம் கிடையாது. சத்தம் போடவும் முடியாது, எதிரி காதில் விழும். வரப்போரமாக ஓடிவந்து ஒவ்வொருவன் முதுகிலும் குத்தினார்.

"வயல்ல இறங்குடா. உன்டெ அப்பன்டெ வயலாடா இது?"

எனக்கு முன்னால் ஞானசிகாமணி அண்ணன் போய்க்கொண்டிருந்தார். ஹவில்தார், எங்கள் செக்‌ஷனுக்கு அவர்தான் தலைவர். அவர் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார், "எவனோ ஒருத்தனுக்க அப்பனுக்க வயலுதான சாப்." சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னால் தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெட்டியின் கனத்தை நினைத்துத்தான் என் கவலையெல்லாம். சண்டையைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அதற்குப் பெயர் தைரியம் என்று பின்னால் ஒரு விழாவில் சொன்னார்கள்.

அப்போதுதான் எருமை. இடது பக்கத்து வயலில் ஒன்று நின்று மேய்ந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கியது, இரண்டு எட்டு வைத்தது, அவ்வளவுதான். தரை கிளம்பி மேலே வந்தது. காது அடைத்துவிட்டது. மண்ணும் பயிரும் எங்கள் மேல் விழுந்தன.

வயல் முழுக்கக் கண்ணிவெடி. வரப்பில் மட்டும் புதைக்கவில்லை. அவர்கள் போகவர வழி வேண்டும் அல்லவா. அன்றைக்கு நாங்கள் பாடத்தில் சொன்ன மாதிரி விரிந்த வரிசையில் போயிருந்தால் பாதிப் பேர் எருமை போன வழியில் போயிருப்போம். இதைப் பிற்பாடு மேஜர் சாப் பெரிய புத்திசாலித்தனம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். ஒரு புத்தியும் கிடையாது தம்பி. விதைத்தவனைப் பார்த்ததுகூட இல்லை, அவன் திட்டுவான் என்று பயம்.

வெடிச் சத்தத்தில், முன்னால் இடது கைப் பக்கமாக மேட்டில் இருந்தவன் விழித்துக்கொண்டான். மெஷின் கன் ஆரம்பித்தது. வரப்புக்கு வலது பக்கம் ஒரு சின்ன வாய்க்கால், தண்ணீர் இல்லை. எல்லோரும் அதில் விழுந்து படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். நல்ல இடம், அப்படியே கிடந்திருக்கலாம். பின்னால் ஒரு மார்ட்டர் குண்டு வந்து விழுந்தது. பயந்தவன் என்ன செய்வான், தலையைக் கீழே போடுவான். நான் எழுந்து குதித்தேன். தவளை மாதிரி. தோட்டாப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் கண்ணிவெடி வயலுக்குள். தொடையில் சூடாக ஏதோ ஏறியது. உருண்டு போய் நின்ற இடத்தில் முகத்துக்கு நேரே எருமை.

சிரியுங்கள், சிரியுங்கள். என் வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? இப்போது அவள் இல்லை, போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகிறது. "சண்டைக்குப் போன கதையக் கேட்டா மெடல எருமைக்குல்ல குடுத்துருக்கணும்" என்றாள். உண்மைதான். மேட்டிலிருந்து சுட்டதையெல்லாம் அதுதான் வாங்கிக்கொண்டது. காயம் பட்டதற்காக எனக்கு ஒரு மெடல் வந்தது, வீட்டில் டிவி மேல் வைத்திருக்கிறேன்.

அப்புறம் என்ன? அண்ணன் பூட்ஸைக் கழற்றினார், எருமை செத்துப் போனது, நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதை முடிந்தது. இப்படித்தான் சொல்வேன். மதுரையில் பட்டாள கேண்டீன் வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள், "சங்கிலி, எருமைக் கதையச் சொல்லு." தெற்கத்தி ஆட்களும் வருவார்கள், நாகர்கோவில், தக்கலை எல்லாம். வரிசையில் நின்றுகொண்டு எவ்வளவு சொல்ல முடியும்? பூட்ஸில் ஆரம்பித்து எருமையில் முடித்துவிடுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஞானசிகாமணி என்று ஒருத்தர் இருந்தார் என்று நான்கு பேருக்குத் தெரிந்தது என்றால் அது என்னால்தான். அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை.

ஹெலன் கல்யாணத்திலும் சொன்னேன். அது ஆகிவிட்டது முப்பது வருஷம். அவளுக்கு அப்பா இல்லையே என்று நான்தான் வேட்டி கட்டி முன்னால் நின்றேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்க அப்பாவப் பத்தி ஏதாவது சொல்லும்வே" என்று கேட்டார்கள். சொல்லாமல் இருக்கலாமா? ஒரு இலையையும் கவனிக்க விடாமல் சொன்னேன். பூட்ஸ் நாடாவைப் பல்லால் கடித்ததை நடித்தே காட்டினேன். பந்தி முழுக்கச் சிரிப்பு. எதிர் இலையில் உள்ளூர் வாத்தியார் ஒருவர், சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. அப்படி ரசித்துக் கேட்டார், பூட்ஸ் கழற்றினதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த மாதிரி மனிதர் கமிட்டியில் இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மதினி அங்கேதான் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். பாதியில் காணோம். பாயசத்தைப் பார்க்க உள்ளே போயிருப்பார்.

என்ன கேட்டீர்கள்? பூட்ஸ் விஷயம் அந்த ஊருக்கு எப்படிப் போயிற்று என்றா? அதுதான் தம்பி எனக்கும் விளங்கவில்லை. எவனோ வேலையில்லாதவன் கிளப்பிவிட்டிருக்கிறான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கோவில்பட்டி வந்துவிட்டது. கடலை மிட்டாய்காரன் வருகிறான், வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம், பல் இல்லை.

நடுவில் ஒன்று இருக்கிறது. அதை வரிசையில் நின்று சொல்ல வராது, பந்தியிலும் வராது. கமிட்டி முன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் எருமைக்குப் பின்னால் கிடக்கிறேன். காலில் உணர்ச்சி இல்லை. தலையைத் திருப்பினால் வரப்பு தெரிகிறது. மாட்டு வண்டி ஒன்று திரும்புகிற தூரம்தான். ஆனால் நடுவில் என்ன புதைத்திருக்கிறார்களோ. மற்றவர்களை வர்க்கி சாப் வாய்க்கால் வழியே முன்னால் கால்வாய்க் கரைக்கு அனுப்பிவிட்டார். அவரும் ஞானசிகாமணி அண்ணனும் மட்டும் இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"அவன் போயாச்சு ஞானம். முன்னாடி நடக்கு" என்றார் வர்க்கி சாப்.

நான் இங்கிருந்து, "போகல சாப், இருக்கேன்" என்றேன். உயிருக்குப் பயந்தவன் குரல் எப்படி இருக்கும்? வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி இருந்தது.

அண்ணன் வரப்பில் ஏறி உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். நாடா முடிச்சு, பல், எல்லாம் ஆயிற்று. இரண்டையும் ஜோடி சேர்த்து வரப்பு ஓரமாக வைத்தார். காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தார். பேன்ட் காலை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டார். வர்க்கி சாப் தலையில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் செருப்புப் போட்டுக்கொண்டு பயிரில் இறங்கமாட்டோம், தம்பி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்று நட்ட வயலாக இருந்தாலும் கதிராக இருந்தாலும் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கு அது பழக்கம். சின்ன வயதிலிருந்து இறங்கின கால், அப்படித்தான் இறங்கும்.

பின்னால் சிலர் சொன்னார்கள், வெறுங்காலால் தடவினால் மண் இளகின இடம் தெரியும், கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கத்தான் அப்படிச் செய்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் குளிரில் எங்கள் கால் எல்லாம் மரக்கட்டை. கிள்ளினாலே தெரியாது. என்ன தெரிந்திருக்கும் அவருக்கு? ஒன்றும் தெரிந்திருக்காது. சும்மா இறங்கி வந்தார்.

நான் கத்தினேன். "அண்ணே, வராதீங்க. இது ஒங்க ஊரு வயலு இல்ல."

"நீ சும்மா கெடலே மக்கா" என்றார்.

அவ்வளவுதான் அவர் முகத்தைப் பார்த்தது. பனிமூட்டம் திரும்ப இறங்கிவிட்டது, அதனால்தான் மேட்டில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. வெள்ளையாக இருந்ததற்குள்ளிருந்து இரண்டு கை வந்து என்னைத் தூக்கியது. தோளில் போட்டுக்கொண்டார். என் தலை அவர் முதுகுப் பக்கம் தொங்கியது. எனக்குத் தெரிந்தது அவருடைய குதிகால் இரண்டும்தான். வந்த அடியிலேயே திரும்ப அடி வைத்தார். பயிரை ஒதுக்கி, நடுவில் கால் வைத்து. என்னையும் தூக்கிக்கொண்டு, ஒரு பயிர் மடங்காமல். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நான் அதைத்தான் பார்த்தேன். விரல் இடுக்கில் சேறும், ஒட்டிக்கொண்ட ஒரு கோதுமைத் தாளும்.

போகும்போது பேசிக்கொண்டே போனார். "என்னலே இந்தக் கனம் கனக்குத? லங்கர்ல எனக்கு வச்ச சப்பாத்தியையும் நீதான் தின்னியா?" லங்கர் என்றால் பட்டாளச் சமையல் தம்பி. நான் இல்லை என்றேன். "பொய் சொல்லாத. நம்ம ரெண்டு பேரு தட்டும் ஒண்ணுதான, எனக்குத் தெரியாதா. நீ ஒரு சப்பாத்தி கொறச்சித் தின்னுருந்தா நான் இப்ப வரப்பு ஏறிருப்பேன்." எனக்குத் தொடையில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த அடியில் இரண்டு பேரும் எருமை மாதிரி மேலே போகலாம். நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்க வைத்தது அவர்தான். ஹெலனிடம் இதைச் சொல்ல வேண்டும். முதலில் சிரிக்க வைத்தது உன் அப்பாதான் என்று.

வரப்பு வந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், வரப்புக்கு வந்துவிட்டோம். அங்கே அவர் ஒன்று செய்திருக்கலாம். என்னைக் கோதுமை மூட்டையைப் போடுகிற மாதிரி அந்தப் பக்கம் போட்டுவிட்டுத் தானும் விழுந்திருக்கலாம். வர்க்கி சாப் அதைத்தான் சொன்னார், "எறியடா, எறிஞ்சுட்டு விழு." அடிபட்ட காலோடு எறிந்தால் வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. வரப்பு மேல் நின்று, குனிந்து, என்னை மெதுவாக வாய்க்காலுக்குள் இறக்கினார். வாய்க்கால் எங்கள் பக்கம். மேடு அவருக்குப் பின்னால். ஆளை இறக்க வேண்டுமானால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், தம்பி. வேறு வழி கிடையாது. அந்த நேரம் பார்த்துப் பனி விலகிவிட்டது.

சத்தம் கேட்டது. எத்தனையோ சத்தத்தில் அது ஒன்று. நான் வாய்க்காலில் கிடக்கிறேன். அவர் என் மேல் சாய்ந்தார். அவரும் பாதுகாப்பாக இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். நெஞ்சை அழுத்தியது.

"அண்ணே, நீங்களும் ஒண்ணும் லேசு இல்ல" என்றேன்.

சப்பாத்திக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று ஒரு சந்தோஷம். அவர் திருப்பி ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக ஆள் விடமாட்டார், ஒன்றுக்கு இரண்டாகத் தருவார். காத்துக்கொண்டே இருந்தேன். வர்க்கி சாப் வந்து அவரைப் புரட்டினார்.

என்ன தம்பி, முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? நல்ல இடம் அது. சிரிக்கலாம்.

அப்புறம் என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வர்க்கி சாப் முன்னால் போனார், சாயங்காலம் அந்த மேட்டிலேயே குண்டு பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரைப் பிடித்தாயிற்று. மறுநாள் வேறு ஒரு கம்பெனி ஆட்கள் வந்து வாய்க்காலில் கிடந்தவர்களை எடுத்திருக்கிறார்கள். வெறுங்கால், மடித்துவிட்ட பேன்ட், குண்டு முதுகில், தலை நம் பக்கம். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னேன். பூட்ஸைச் சொன்னேன், எருமையைச் சொன்னேன். பாவம், அவர் ராவெல்லாம் தூங்காத மனிதர், அவ்வளவு சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் தையல் பிரிந்துவிடும், நிறுத்து என்றான். அவர்கள் சிரித்ததும் எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நடுவில் இருப்பதை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

நாளைக்கு நாளைக்கு என்று அது இன்றைக்குக் கோவில்பட்டி தாண்டி வந்திருக்கிறது.

கமிட்டி முன்னால் எங்கே ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள். பூட்ஸில் ஆரம்பித்தால் வாய் தானாக எருமைக்குப் போய்விடுகிறது. பயிரில் ஆரம்பிக்கலாமா? அங்கேயும் வயக்காட்டு ஆட்கள்தானே, புரியும். அந்த வாத்தியார் யார் என்று தெரியவில்லை. சிரிக்கத் தெரியாத ஆளாக இருந்தால் எனக்கு இன்னும் கஷ்டம். முகம் இறுகினவர்களைக் கண்டால் எனக்கு உடனே நடித்துக் காட்டத் தோன்றும். நான் எழுந்து நின்று, "ஐயா, என்னைத் தூக்கிக்கொண்டு வந்ததால்தான் முதுகில் பட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அவர்கள் கேட்பார்கள், எங்கே படுத்திருந்தீர் என்று. எருமைக்குப் பின்னால் என்று சொல்ல வேண்டிவரும்.

அது என்ன, கர்ச்சீப்பை எடுக்கிறீர்கள். ஜன்னலைச் சாத்தட்டுமா? காற்றாலைப் பக்கம் வந்தாலே தூசி.

வள்ளியூர் வரப்போகிறது. பையைப் பார்த்து எடுங்கள். ஒரு உதவி. பாதி வழியில் நீங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டீர்கள். எந்த இடத்தில் என்று நினைவிருக்கிறதா? சப்பாத்தியிலா, அதற்குப் பிறகா? அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால் சரியாக வரும் என்று படுகிறது. ஆரம்பித்தால் என் குரல் உடையாமல் நிற்குமா என்பது வேறு விஷயம். இப்போது உங்களிடம் நின்றதே, அப்படி நின்றால் போதும்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஹெலன் வருகிறேன் என்றிருக்கிறாள். மதினி வரமாட்டார். காலையில் போனில் ஹெலன்தான் சொன்னாள், கல் வந்து இறங்கிவிட்டதாம். மற்றவர்கள் பெயரையெல்லாம் வெட்டி, எழுத்துக்குக் கறுப்பு மை பூசி முடித்துவிட்டார்கள். அடியில் ஒரு வரி அளவுக்கு வெறும் கல்லாக விட்டிருக்கிறார்கள்.